பதிவுப்பலகையும் பதிவேடும்: வழங்கிப் பதிவுகளின் நிகழ்நேர வாசிப்பு வளர்ந்த வரலாறு

கணனியின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அதன் வேகத்தையும் நினைவகத்தின் பெருக்கத்தையுமே அளவுகோலாகக் கொள்வர். கணிக்கும் பொறியானது தான் செய்தவற்றைத் தானே எழுதிவைக்கும் பொறியாகவும் வளர்ந்தமை அத்துணை கவனத்தைப் பெறவில்லை. இன்று ஒரு வலைத்தளத்தைத் தாங்கிநிற்கும் கணனி, தன்னிடம் வந்த ஒவ்வொரு வேண்டுகோளையும், தான் அளித்த ஒவ்வொரு விடையையும், தனக்கு நேர்ந்த தவறுகளையும் வரிவரியாகக் குறித்து வைக்கின்றது. அவ்வரிகள் எழுதப்படும் அக்கணத்திலேயே தொலைவிலுள்ள ஒருவர் தம் உலாவியின் திரையில் அவற்றை வாசிக்கவும் முடிகின்றது. சேர்வர் என வழங்கும் அக்கணனியை வழங்கி என்றும், அது எழுதும் குறிப்புக்களை வழங்கிப் பதிவுகள் என்றும் கொண்டு, அவற்றை நிகழ்நேரத்தில் வாசிக்கும் முறை தோன்றி வளர்ந்த வரலாற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வளர்ச்சியை, நிகழ்வுக்கும் அதன் வாசிப்புக்கும் இடைப்பட்ட காலம் படிப்படியாகச் சுருங்கிய வரலாறு எனக் கூறலாம். ஆயின், காலம் சுருங்கியதனால் மனிதனின் கவனமும் கூர்மையடைந்ததா என்பது வேறு வினா. அவ்வினாவுக்கு விடை காண்பதற்கு, பதிவு என்பது எத்தேவையிலிருந்து பிறந்தது என்பதை முதற்கண் நோக்குதல் வேண்டும்.

ஆங்கிலத்தில் இப்பதிவுகளைக் குறிக்கும் லொக் என்னும் சொல்லின் அடிப்பொருள் மரக்கட்டை என்பதாகும். கலத்தின் வேகத்தை அறிய விரும்பிய கடலோடிகள், கயிற்றிற் கட்டிய ஒரு மரக்கட்டையைக் கலத்தின் பின்புறமாகக் கடலில் எறிந்தனர். மணற்கடிகை வடிந்து முடிவதற்குள் எவ்வளவு கயிறு வெளிச்சென்றது என அளந்தனர். வில்லியம் போண் என்பார் 1574ஆம் ஆண்டில் வெளியிட்ட கடற்பயண நூல் இம்முறையை விளக்குகின்றது. பிற்காலத்தில் அக்கயிற்றில் ஒத்த இடைவெளியில் முடிச்சுக்கள் இடப்பட்டன. கப்பலின் வேகத்தை முடிச்சு எனப் பொருள்படும் நொட் என்னும் அலகால் இன்றும் கூறுவது அவ்வழக்கின் எச்சமாகும்.

அவ்வாறு அளந்தவற்றை எழுதுவதற்குக் கடலோடிகள் இரு சாதனங்களைக் கையாண்டனர். ஒன்று, சுண்ணக்கட்டியால் எழுதி அழிக்கத்தக்க பதிவுப்பலகை. வேகம், திசை, காற்று ஆகியன மணிதோறும் அதிற் குறிக்கப்பட்டன. காவல் மாறும்போது புதிதாக வருவோன் அப்பலகையைப் பார்த்தே கலத்தின் நிலையை அறிந்தான். மற்றையது, அப்பலகையிலிருந்து நாள்தோறும் பெயர்த்தெழுதப்பட்ட பதிவேடு. பயணம் முடிந்த பின்னரும் நிலைபெற்று, விசாரணைகளிற் சான்றாகப் பயன்பட்டது அதுவே. பலகை இப்பொழுது என்ன நடக்கின்றது என்பதற்கு. ஏடு முன்பு என்ன நடந்தது என்பதற்கு. முன்னது காவலுக்குரியது, பின்னது நினைவுக்குரியது. இவ்வேறுபாடு வழங்கிப் பதிவுகளின் வரலாற்றை விளங்கிக்கொள்வதற்கும் இன்றியமையாததாகும்.

கணனியின் தொடக்ககாலத்தில் பதிவேடு மனிதனின் கையாலேயே எழுதப்பட்டது. ஹாவாட் பல்கலைக்கழகத்தின் மார்க் 2 என்னும் கணிபொறியை இயக்கியோர் 1947 செப்டெம்பர் 9ஆந் திகதி அதன் ரிலே ஒன்றிற் சிக்கியிருந்த அந்துப்பூச்சியை எடுத்து, பதிவேட்டின் பக்கத்தில் ஒட்டி, நேரத்தையும் குறித்துவைத்தனர். கணனித் தவறைப் பூச்சி எனப் பொருள்படும் பக் என்னும் சொல்லால் அழைக்கும் வழக்கு இந்நிகழ்ச்சியிலிருந்து தோன்றியது எனப் பலர் கருதுவர். அச்சொல் பொறியியலாளரிடையே அதற்கு முன்னரே வழங்கியது. எனினும், வொசிங்டனிலுள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் இன்று பேணப்படும் அவ்வேடு, பொறியின் பிழையைப் பொறியின் அருகிலிருந்த மனிதன் எழுதிய காலத்தை நினைவூட்டுகின்றது.

1960களில் ஒரே கணனியைப் பலர் ஒரே வேளையிற் பகிர்ந்து பயன்படுத்தும் முறை பரவியபோது இந்நிலை மாறியது. கணனி நேரம் விலைமிக்கதாக இருந்தமையால், எவர் எவ்வளவு நேரம் பயன்படுத்தினார் என்பதைக் கணனியே குறிக்கவேண்டியதாயிற்று. இவ்வாறு பொறி எழுதிய பதிவின் முக்கிய நோக்கங்களுள் ஒன்று கட்டணம் அறவிடுதலாக அமைந்தது. 1969இல் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சனும் டெனிஸ் றிச்சியும் உருவாக்கத் தொடங்கிய யூனிக்ஸ் இயங்குதளம் பதிவுக்குரிய வடிவத்தை எளிமையாக்கியது. எவ்வகைத் தகவலையும் சாதாரண எழுத்துக்களாலான கோவையாக வைத்தல், ஒரு நிகழ்வை ஒரு வரியில் எழுதுதல் என்னும் வழக்கங்கள் அச்சூழலில் வேரூன்றின. 1979இல் வெளிவந்த யூனிக்ஸின் ஏழாம் பதிப்பில், கோவையொன்றின் இறுதிப் பகுதியை மட்டும் காட்டும் ரெயில் என்னும் கட்டளை இடம்பெற்றிருந்தது. வால் என்பது அதன் பொருள். புதிய வரிகள் எப்போதும் கோவையின் அடியிலேயே சேர்வதால், வாலைப் பார்ப்பது அண்மைய நிகழ்வைப் பார்ப்பதாகும். தொடர்ந்து செல்லும் தெரிவுடன் அக்கட்டளையை இயக்கினால், அது முடிவுறாது காத்திருந்து, சேரும் வரிகளை அவ்வப்போது திரையிற் காட்டும். பதிவேடாக எழுதப்பட்ட கோவை இதன்மூலம் பதிவுப்பலகையாகவும் பயன்படலாயிற்று.

ஏறத்தாழ இதே காலப்பகுதியில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகத்தில் எரிக் ஓல்மன், செண்ட்மெயில் என்னும் மின்னஞ்சற் செய்நிரலை உருவாக்கினார். அதன் செய்திகளைக் குறிப்பதற்கு அவர் 1980களில் அமைத்த சிஸ்லொக் என்னும் முறை, பின்னர் ஏனைய செய்நிரல்களுக்கும் பொதுவாயிற்று. செய்திகளின் கடுமையை அது 0 முதல் 7 வரையான எட்டுப் படிகளாக வகுத்தது. 0 பெருநெருக்கடியையும் 7 செய்நிரலாளரின் நுண்குறிப்பையும் சுட்டும். ஒரு கணனியின் பதிவை வலையமைப்பின் வழியாக இன்னொரு கணனிக்கு அனுப்பவும் அது வழிசெய்தது. நீண்டகாலம் எழுதப்படாத வழக்காகவே நிலவிய இம்முறை 2001இல் ஆவணப்படுத்தப்பட்டு, 2009இல் முறையான நியமமாக வரையறுக்கப்பட்டது. எட்டுப் படிகள் வகுக்கப்பட்டமை சிறியதொரு செயலாகத் தோன்றலாம். ஆயின் எல்லாவற்றையும் எழுதும் பொறியிடமிருந்து எதனை முதலில் வாசிப்பது என்னும் சிக்கல் அப்போதே உணரப்பட்டது என்பதற்கு அதுவே சான்றாகும்.

பதிவை நிகழ்நேரத்தில் வாசிப்பதன் ஆற்றலை உலகறியச் செய்த நிகழ்ச்சி 1986இல் நேர்ந்தது. பேர்க்லியிலுள்ள லோறன்ஸ் ஆய்வுகூடத்தில் வானியலாளராக இருந்து கணனிப் பிரிவுக்கு மாறிய கிளிபட் ஸ்டோல் என்பவரிடம், கணக்குப் பதிவில் இருந்த 75 சத வேறுபாட்டுக்குக் காரணம் கண்டறியும் பணி ஒப்படைக்கப்பட்டது. அற்பமான அத்தொகையை அவர் தள்ளிவிடவில்லை. உரிமையற்ற ஒருவர் கணனியினுள் நுழைந்திருப்பதை அவ்வேறுபாடு வெளிப்படுத்தியது. வெளியிலிருந்து கணனிக்கு வரும் இணைப்புக்களில் அச்சுப்பொறிகளையும் முனையங்களையும் பொருத்தி, நுழைந்தவர் தட்டிய ஒவ்வோர் எழுத்தும் அக்கணமே தாளிற் பதியுமாறு அவர் செய்தார். ஊடுருவியவர் வரும்போது தமக்கு அறிவிக்கும் அழைப்புக் கருவியொன்றையும் உடன் வைத்திருந்தார்.

ஸ்டோல் தாளைத் தெரிந்தமைக்குத் தக்க காரணம் இருந்தது. பதிவு அதே கணனியில் இருப்பின், அதன் முழு அதிகாரத்தையும் கைப்பற்றிய ஒருவர் அதனைக் கண்டு அழித்துவிடலாம். தாளில் விழுந்த எழுத்து அவர் கைக்கு எட்டாதது. ஏறத்தாழ ஓராண்டு தொடர்ந்த அவதானிப்பின் பயனாக, இணைப்பு மேற்கு ஜேர்மனியின் ஹனோவர் நகருக்குச் செல்வது கண்டறியப்பட்டது. அமெரிக்க இராணுவக் கணனிகளிலிருந்து திரட்டிய தகவல்கள் சோவியத் உளவுத்துறைக்கு விற்கப்பட்டமையும் வெளியாயிற்று. 1990இல் ஜேர்மன் நீதிமன்றம் தொடர்புடையோரைக் குற்றவாளிகளெனத் தீர்த்தது. ஸ்டோல் தம் அனுபவத்தை 1988இல் ஆய்வுக் கட்டுரையாகவும் 1989இல் நூலாகவும் வெளியிட்டார். பொருந்தாத ஒரு சிறு எண்ணைப் பொருட்படுத்திய மனிதனின் பொறுமையே இங்கு வெற்றிக்கு அடிப்படை. கருவிகள் அப்பொறுமைக்குத் துணைநின்றன என்பதே பொருந்தும்.

உலகளாவிய வலையின் தோற்றத்துடன் பதிவுகளின் தன்மையே மாற்றமுற்றது. ரிம் பேணர்ஸ் லீ 1989இல் சேர்ண் ஆய்வுநிலையத்தில் முன்வைத்த திட்டம் ஒருசில ஆண்டுகளில் உலகெங்கும் பரவியது. 1993இல் இலினோய்ப் பல்கலைக்கழகத்தின் மீகணிப்பு நிலையத்தில் றொப் மக்கூல் எழுதிய வழங்கிச் செய்நிரலுடன் தொடர்புபட்ட பொதுப் பதிவு வடிவம் ஏனைய வழங்கிகளாலும் ஏற்கப்பட்டது. கேட்டவரின் முகவரி, நேரம், கேட்கப்பட்ட பக்கம், விடையின் நிலையெண், அனுப்பிய தரவின் அளவு ஆகியன ஒரே வரியில் அமைந்தன. 200 எனின் வேண்டுகோள் நிறைவேறியது. 404 எனின் பக்கம் இல்லை. 500 எனின் வழங்கியின் உள்ளே தவறு நேர்ந்தது. முன்னைய பதிவுகள் கணனியைப் பயன்படுத்த உரிமை பெற்ற சிலரையே பெரிதும் குறித்தன. வலைப் பதிவோ பெயரறியாத எவரையும் குறித்தது.

அவ்வாறு பெருகிய வரிகளைத் தொகுத்துக் காட்டுவதற்கு 1995இல் ஸ்டீபன் ரேணர் எழுதிய அனலொக், 1997இல் வெளிவந்த வெபலைசர் முதலிய செய்நிரல்கள் பயன்பட்டன. இவை பெரும்பாலும் குறித்த வேளைகளில் இயங்கி, கடந்த காலப்பகுதியின் தொகுப்பை அட்டவணைகளாகவும் வரைபுகளாகவும் தந்தன. ஆகவே 1990களின் உலாவியில் தோன்றிய பதிவு, பெயர்த்தெழுதிய பதிவேட்டை ஒத்தது. உடனடி நிலையை அறியவேண்டியவர் வழங்கியினுள் நுழையும் உரிமை பெற்று, கறுப்புத் திரையில் வாலைப் பின்தொடர வேண்டியிருந்தது. அவ்வுரிமை ஒருசில நிருவாகிகளுக்கே வழங்கப்பட்டது.

உலாவியையே பதிவுப்பலகையாக்குவதற்குத் தடையாக இருந்தது வலையின் அடிப்படை நெறிமுறையாகும். அதன்படி உலாவி கேட்டால் வழங்கி விடையளிக்கும். கேளாதபோது வழங்கி தானாகப் பேசாது. தொலைவிலுள்ள ஒன்றின் தற்போதைய நிலையை வலையின் வழியே காணும் ஆவல் தொடக்கத்திலேயே இருந்தது என்பதற்குக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணனி ஆய்வுகூடத்தின் கோப்பிப் பாத்திரம் எடுத்துக்காட்டாகும். பாத்திரத்திற் கோப்பி உள்ளதா என்பதை அறிய 1991இல் உள்வலையமைப்பில் அமைக்கப்பட்ட ஒளிப்படக் கருவியின் படம், 1993 நவம்பரில் வலையிற் காட்டப்பட்டது. 2001 ஓகஸ்ட் 22 வரை அது நீடித்தது. எனினும் புதிய படத்தைக் காண்பதற்குப் பக்கத்தை மீண்டும் கேட்கவேண்டும். 1995இல் நெற்ஸ்கேப் உலாவி, பக்கம் தானே மீளக் கேட்பதற்கும் வழங்கி இணைப்பைத் திறந்து வைத்திருப்பதற்கும் வழிகள் தந்தது. ஆயின் அவை பதிவுகளின் ஓட்டத்துக்குப் போதியனவாக இருக்கவில்லை.

1999இல் மைக்றோசொப்ற் நிறுவனத்தின் ஐந்தாம் பதிப்பு உலாவி, பக்கம் முழுவதையும் புதுப்பிக்காமல் அதன் பின்னணியில் தரவை மட்டும் பெறும் வசதியைக் கொண்டிருந்தது. 2005இல் இம்முறைக்கு ஏஜக்ஸ் எனப் பெயர் இடப்பட்டபின் அது பெருவழக்காயிற்று. 2006இல் ஓபரா உலாவி, வழங்கி தொடர்ச்சியாக அனுப்பும் நிகழ்வுகளைப் பெறும் முறையைப் பரிசோதனையாக அமைத்தது. 2011 டிசம்பரில் வெப்சொக்கற் நெறிமுறை நியமமாக வெளியிடப்பட்டது. ஒருமுறை திறந்த இணைப்பில் இரு பக்கத்தாரும் விரும்பியபோது செய்தி அனுப்புவதற்கு அது இடமளித்தது. கேட்டபின் பேசும் வழங்கி, நிகழ்ந்தவுடன் பேசும் வழங்கியாக மாறியது.

நிகழ்நேர வாசிப்பு இயங்கும் விதம் எளியதே. வழங்கியிலுள்ள ஒரு சிறு செய்நிரல் பதிவுக்கோவையின் இறுதியைப் பின்தொடர்கின்றது. புதிய வரி சேர்ந்தவுடன் அதனைத் திறந்த இணைப்பின் வழியே அனுப்புகின்றது. உலாவியிலுள்ள செய்நிரல் அவ்வரியைப் பக்கத்தின் அடியிற் சேர்த்து, பழைய வரிகளை அகற்றுகின்றது. பல வழங்கிகளின் பதிவுகளை ஓரிடத்திற் சேர்த்துத் தேடும் தேவை எழுந்தபோது, 2003இல் ஸ்பிளங்க் நிறுவனமும், 2010இல் தொடங்கிய எலாஸ்ரிக்சேர்ச் என்னும் தேடற் பொறியும், அதனுடன் இணைந்த லொக்ஸ்ராஷ், கிபானா ஆகியவையும் தோன்றின. முனையத்துக்கென எழுதப்பட்ட கோஅக்சஸ் என்னும் கட்டற்ற மென்பொருள் 2016இல் தன் அறிக்கையை வெப்சொக்கற் வழியாக உலாவியில் நிகழ்நேரத்திற் காட்டலாயிற்று. வழங்கியினுள் நுழையும் உரிமையற்ற செய்நிரலாளரும் பதிவை வாசிக்க முடிந்தமையே இவற்றின் பெரும் பயனாகும். பழுது நேர்ந்தபோது நிருவாகியின் சொல்லை நம்பியிருந்தோர் தாமே சான்றைக் காணலாயினர்.

இவ்வசதியுடன் மூன்று இடர்கள் பிணைந்துள்ளன. முதலாவது, பொய்யான அமைதி. பதிவுக்கோவை வரம்பின்றி வளராதிருப்பதற்காக, குறித்த காலத்திற்கொருமுறை பழைய கோவை பெயர் மாற்றப்பட்டுப் புதியது தொடங்கப்படும். பின்தொடரும் செய்நிரல் இதனை உணராவிடின், எவரும் எழுதாத பழைய கோவையையே நோக்கிக்கொண்டிருக்கும். திரையில் எந்த வரியும் தோன்றாது. காண்பவர் எல்லாம் நலமென எண்ணுவார். பலகையில் எழுத்து இல்லாமைக்குக் கடல் அமைதியாயிருப்பது மட்டுமே காரணமன்று. எழுதவேண்டியவன் உறங்கியிருக்கவும் கூடும்.

இரண்டாவது இடர், பதிவின் சொற்களிற் பல வழங்கிக்குரியோரின் சொற்கள் அல்ல என்பதிலிருந்து எழுகின்றது. கேட்கப்பட்ட பக்கத்தின் பெயரும் உலாவி தன்னைப்பற்றிக் கூறும் விபரமும் வெளியிலிருந்து வருவன. அவற்றில் ஒருவர் தீங்கான கட்டளைகளை எழுதியனுப்பினால், தக்க மாற்றமின்றிக் காட்டும் பக்கத்தில் அவை காவலரின் உலாவியிலேயே இயங்கும். கறுப்புத் திரையிலிருந்து உலாவிக்கு மாறியபோது இவ்வாயிலும் திறந்தது. பதிவை எழுதும் கருவியே வாயிலாக அமையக்கூடும் என்பதை 2021 டிசம்பர் 9இல் வெளிப்பட்ட லொக்4ஜே குறைபாடு காட்டியது. ஜாவா மொழியிற் பெருவழக்கிலிருந்த அப்பதிவு மென்பொருள், பதியவேண்டிய சொற்றொடரிற் குறித்த வடிவம் இருப்பின், அதனைப் பதிவதோடு நில்லாது வெளிக்கணனியிலிருந்து செய்நிரலைப் பெற்று இயக்கவும் இடமளித்தது.

மூன்றாவது இடர் வாசகரைச் சார்ந்தது. 2013ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் ராகெற் அங்காடி நிறுவனத்திலிருந்து ஏறத்தாழ 4 கோடி கடனட்டை, பற்றட்டை விபரங்கள் திருடப்பட்டன. நிறுவனத்தின் கண்காணிப்புக் கருவிகள் எச்சரிக்கை எழுப்பியிருந்தும் உரிய நடவடிக்கை எடுக்கப்படவில்லை என்பதை 2014 மார்ச்சில் வெளியான அமெரிக்க மேலவைக் குழு அறிக்கை சுட்டியது. 75 சதத்தைப் பின்தொடர்ந்த ஸ்டோலின் செயலுடன் இதனை ஒப்பிடுதல் தகும். முன்னவரிடம் கடன்பெற்ற அச்சுப்பொறிகளும் ஒரு வினாவும் இருந்தன. பின்னையோரிடம் விலையுயர்ந்த கருவிகள் இருந்தன. எழுந்த எச்சரிக்கை வினாவாக மாறவில்லை. எவரும் பொறுப்பேற்காத எச்சரிக்கை, எழுதப்படாத வரியினின்றும் பயனால் வேறுபடுவதில்லை.

இவற்றோடு அறஞ்சார்ந்த ஒரு வினாவும் எழுகின்றது. வழங்கியைக் காக்கும் பதிவு அதனை நாடிவருவோரையும் பார்க்கின்றது. 2018 மே 3இல் ருவிற்றர் நிறுவனம், பயனரின் கடவுச்சொற்கள் மறைக்கப்படுமுன் உள்ளகப் பதிவொன்றில் எழுதப்பட்டமையை அறிவித்து, 33 கோடி பயனரையும் அவற்றை மாற்றுமாறு கேட்டது. ஜேர்மன் அரசின் வலைத்தளங்கள் வருவோரின் இணைய முகவரிகளைப் பதிந்து வைத்தமையை எதிர்த்துப் பற்றிக் பிறேயர் என்னும் அரசியலாளர் தொடுத்த வழக்கில், ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2016 ஒக்டோபர் 19இல் தீர்ப்பளித்தது. முகவரிக்குரியவரை அறிவதற்குத் தளத்தினருக்குச் சட்டவழி இருப்பின், மாறும் முகவரியும் தனிப்பட்ட தரவேயாகும் என அது கூறியது. தளத்தின் தொடர்ந்த இயக்கத்தைப் பேணுதல் நியாயமான நோக்கமாகலாம் என்பதையும் அது ஏற்றது. இலங்கையிலும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டுள்ளது. பதிவுகளை உலாவியில் பலருக்குத் திறந்துவிடும் நிறுவனம், அவற்றில் எவரெவருடைய வாழ்வின் சுவடுகள் உள்ளன என்பதையும் எண்ணிப்பார்த்தல் கடமையாகும்.

தொகுத்து நோக்குமிடத்து, நிகழ்வுக்கும் வாசிப்புக்கும் இடைப்பட்ட காலம் நாளிலிருந்து கணமாகச் சுருங்கியுள்ளமை தெளிவாகின்றது. உலாவியில் ஓடும் வரிகள் பழைய கடலோடியின் பதிவுப்பலகையை மீண்டும் கொணர்ந்துள்ளன. அதனை ஒரே வேளையிற் பலர் காணவும் வைத்துள்ளன. ஆயின் பலகை ஏட்டின் பணியைச் செய்யாது. திரையில் ஓடி மறைந்த வரி சான்றாகாது. ஊடுருவியவரின் கைக்கு எட்டாத இடத்திற் பேணப்பட்ட பதிவே சான்றாகும். அவ்வாறே ஏடும் பலகையின் பணியைச் செய்யாது. நாளை திறந்து பார்க்கப்படும் பதிவு இன்றைய தீங்கைத் தடுக்காது. இரண்டும் வேண்டும், இரண்டையும் வாசிக்கும் பொறுப்பு இன்னாருக்கு உரியது என்பதும் வரையறுக்கப்படல் வேண்டும். கட்டையை எறிந்து முடிச்சுக்களை எண்ணிய கடலோடி, தான் எழுதும் எண்ணில் தன் உயிரும் தங்கியுள்ளது என்பதை அறிந்திருந்தான். பொறியே எழுதும் இக்காலத்தில் எழுதும் உழைப்பு நீங்கிவிட்டது. வாசிக்கும் கடமை நீங்கவில்லை.